அந்த மூன்று மணி நேரம் நான் எங்கே இருந்தேன்?

வாசகர் கடிதம் (சுருக்கம்)

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதும் இவருக்கு வயது 63. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பித்தப்பையில் கல். இரண்டு முறை நடுராத்திரியில் வலி தாங்காமல் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்துவிடலாம் என்று சர்ஜன் தேதி கொடுக்க, இவர் இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டார். வீட்டில் சொன்ன காரணம் முதலில் பேத்தியின் காதுகுத்து, அப்புறம் மழை. உண்மைக் காரணத்தை எனக்கு எழுதியிருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன் குடலிறக்க ஆபரேஷனுக்காக இவருக்கு முழு மயக்கம் கொடுத்தார்கள். "தூங்கி எழுந்தால் நேரம் போனது தெரிகிறது. அன்று கண்ணை மூடியதும் திறந்ததும் ஒரே கணம். கடிகாரத்தைப் பார்த்தால் மூன்று மணி நேரம் போயிருந்தது. அந்த மூன்று மணி நேரம் நான் எங்கே இருந்தேன்?" என்று கேட்கிறார். பிரக்ஞை என்றால் என்னவென்று அறிவியலுக்கே தெரியாது, தெரியவும் முடியாது என்று வீடியோக்களில் பார்த்ததாகச் சொல்லி, அதில் என் கருத்தையும் கேட்கிறார். என்னவென்று தெரியாத ஒன்றை எந்தத் தைரியத்தில் அணைத்துவிட்டு மறுபடி ஏற்றுகிறீர்கள், நடுவில் விழித்துக்கொண்டு அசைய முடியாமல் கிடந்தால் என்ன செய்வது, எழுந்து வருவது பழைய நான்தான் என்று எப்படி நம்புவது என்பவை அடுத்த கேள்விகள். சைவ சித்தாந்தம் சொல்லும் ஐந்து அவத்தைகளில் (உயிரின் நிலைகளில்) இந்த மயக்கம் எதில் சேரும் என்றும் கேட்கிறார். முதுகில் ஊசி போட்டு முடித்துக்கொள்ளலாமா என்பது கடைசிக் கேள்வி. பெங்களூரில் இருக்கும் மகன், "கையெழுத்தை நான் போட்டுக்கறேன், நீங்க வந்து படுங்கப்பா" என்கிறாராம்.

பதில்

வணக்கம் சார். ஆசிரியர் என்பதால் அப்படியே அழைக்கிறேன். நான் மயக்க மருத்துவர். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, ஆபரேஷன் முடிந்து எப்போது காபி குடிக்கலாம் என்பதைத்தான். நீங்கள் கேட்டதைக் கேட்பவர்கள் குறைவு.

ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறீர்கள். பிரக்ஞைக்கு விளக்கம் கிடைக்குமா என்பது ஒன்று, பித்தப்பையை எடுப்பதா என்பது இன்னொன்று. 1998ல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் மூளை அறிவியலாளர் கிறிஸ்டோஃப் காக், தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் ஒரு பந்தயம் கட்டினார். மூளையில் பிரக்ஞையின் தெளிவான அடையாளத்தை 25 வருடத்துக்குள் கண்டுபிடித்துவிடுவோம் என்றார். 2023 ஜூனில் நியூயார்க் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு, பந்தயப்படி ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். இன்னொரு 25 வருடத்துக்குக் கட்டவும் தயார் என்றார். உங்கள் கல்லுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அது நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வரலாம். அப்போது அவசர ஆபரேஷனாகிவிடும். நீங்கள் பயப்படும் ஒவ்வொரு ஆபத்தும் அவசரத்தில்தான் கூடும்.

தெரியாததை எப்படி அணைக்கிறீர்கள்?

1846 அக்டோபர் 16, பாஸ்டன். வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியைச் சுவாசிக்க வைக்க, ஜான் வாரன் என்ற சர்ஜன் ஒரு இளைஞரின் கழுத்துக் கட்டியை அறுத்தார். ஈதர் எப்படி வேலை செய்கிறது என்று அன்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. 1900 வாக்கில், ஆலிவ் எண்ணெயில் நன்றாகக் கரையும் மருந்து நன்றாக மயக்குகிறது என்று மேயரும் ஓவர்ட்டனும் தனித்தனியே கவனித்தார்கள். அதனால் நரம்பணுவின் கொழுப்புச் சவ்வில்தான் விஷயம் இருக்கிறது என்று வெகுகாலம் நம்பினோம். 1984ல் லண்டனில் ஃபிராங்க்ஸ், லீப் என்ற இருவர், கொழுப்பே இல்லாத ஒரு சோதனையில், மின்மினிப் பூச்சியின் ஒளிப் புரதத்தை மயக்க மருந்துகள் அடக்குவதைக் காட்டினார்கள். அதிலிருந்து கவனம் புரதங்களின் பக்கம் திரும்பியது.

குடலிறக்க ஆபரேஷனில் உங்கள் கையில் ஏற்றியது அநேகமாகப் புரொபோஃபால் என்ற மயக்க மருந்து. சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் சேர்ந்த குழம்பில் வருவதால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், கை நரம்பில் போகும்போது சுள்ளென்று எரியும். மூளையில் நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் 'காபா' ஏற்பிகள் என்ற புரதங்களில் அது உட்காருகிறது. கெட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்து வேறு ஏற்பியில் உட்காருகிறது. ஆக, மருந்து எங்கே பிடிக்கிறது என்பது நிறையவே தெரியும். 'அறிவியலுக்கு ஒன்றும் தெரியாது' என்று வீடியோவில் சொல்கிறவர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமலே விட்டுவிட்டார்.

மூளை அணைந்துவிடுகிறது என்று நினைக்கிறீர்கள், அதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். முழு மயக்கத்தில் இருப்பவரின் காதருகே சத்தம் எழுப்பினால் மூளையில் ஒலியைக் கேட்கும் பகுதி பதில் தருகிறது. அந்தப் பதில் தொலைவில் உள்ள மற்ற பகுதிகளுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, போன் லைன் மட்டும் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன். இத்தாலியில் மார்செல்லோ மசிமினி குழுவினர் இதை நேரடியாகவே அளந்தார்கள். மண்டையோட்டின் மேல் ஒரு காந்தத் துடிப்பைக் கொடுத்து, மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யில் எதிரொலியைப் பார்ப்பார்கள். விழித்திருப்பவரிடம் அது ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, சிக்கலான கோலமாக விரிகிறது. புரொபோஃபால் மயக்கத்தில் அடித்த இடத்திலேயே அதிர்ந்து அடங்கிவிடுகிறது.

கெட்டமின் கொடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் சுவையானது. ஆள் அசைவில்லை, கூப்பிட்டால் பதில் இல்லை, ஆனால் எதிரொலி மட்டும் விழித்திருப்பவருடையதைப் போலச் சிக்கலாகவே இருந்தது. எழுந்ததும் அவர்கள் நீண்ட, தெளிவான கனவுகளைச் சொன்னார்கள். இன்னொரு பக்கம், 2020ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், மயக்கத்தில் இருந்த குரங்குகளுக்கு மருந்தை நிறுத்தாமலேயே மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியில் மின்தூண்டல் கொடுத்தார்கள். கண்ணைத் திறந்து கையை நீட்டின. மின்தூண்டலை நிறுத்தியதும் மறுபடி மயக்கம். எது அறுந்தால் பிரக்ஞை போகிறது, எதைத் தொட்டால் வருகிறது என்பதில் இந்த அளவுக்காவது கை வைத்திருக்கிறோம்.

அது தூக்கம் இல்லை

"தூங்க வைக்கிறோம்" என்று நாங்கள் சொல்வது ஆறுதலுக்காக. தூக்கத்தில் மூளை படிநிலைகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், உலுக்கினால் எழுந்துவிடுவோம். முழு மயக்கத்தில் கத்தி பட்டாலும் எழ மாட்டோம். ஈ.ஈ.ஜி.யில் பார்த்தால், தூக்கத்தைவிடக் கோமாவுக்குத்தான் அது நெருக்கம். திருப்பிக் கொண்டுவரக்கூடிய கோமா. அதனால் ஆழ்ந்த தூக்கமான சுழுத்தி அவத்தையில் சேர்க்க எனக்கு மனமில்லை. அவத்தைகள் அனுபவிப்பவரின் பக்கத்திலிருந்து வகுக்கப்பட்டவை. ஊசி போட்டு வரவழைத்த நிலைக்கு அதில் கட்டாயமாக இடம் தேட வேண்டாம். சுழுத்திக்கு அடுத்த நிலையான துரியத்தையே மயக்கத்தில் தொட்டுவிட்டோம் என்று சொல்லும் வீடியோக்களை அப்படியே மூடிவிடுங்கள்.

இப்போது உங்கள் மூன்று மணி நேரம். குடலிறக்க ஆபரேஷன் சாதாரணமாக ஒரு மணி நேரத்தை ஒட்டியது. மீதி நேரம் தியேட்டருக்கு வெளியே, ரெக்கவரி அறையில் கழிந்திருக்கும். பதற்றம் குறைய மிடசோலம் மாதிரி ஒரு மருந்து கொடுத்திருந்தால், அதன்பின் நடப்பது ஞாபகத்தில் ஒட்டாது. "வலிக்குதா சார்?" என்று நர்ஸ் கேட்டு நீங்கள் பதில் சொல்லியிருக்கலாம். ஸ்ட்ரெச்சரில் நீங்களே புரண்டு படுத்திருக்கலாம். மூன்று மணி நேரமும் நீங்கள் இல்லாமல் போகவில்லை. கொஞ்ச நேரம் இல்லை, மீதி நேரம் இருந்தீர்கள், ஞாபகம்தான் பதியவில்லை. இரு முனைகளும் ஒட்டிக்கொண்டதால் ஒரே கணமாகத் தெரிகிறது.

நடுவில் விழித்துக்கொண்டால்?

இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளும் மருத்துவரிடம் மயக்கம் வாங்காதீர்கள். இது நடக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014ல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், முழு மயக்கம் பெற்ற சுமார் 19,600 பேரில் ஒருவர் தானாக முன்வந்து புகார் சொல்லியிருந்தார். தசை தளர்த்தும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தவர்களில் அது சுமார் 8,000ல் ஒருவர். உங்களுக்கும் அந்த மருந்து தேவைப்படும் என்பதால் இரண்டாவது எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்த ஆய்வுகளில் எண்ணிக்கை இதைவிடக் கூடுதல், ஆயிரத்தில் ஒன்றிரண்டு. முன்வந்து சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது நடந்தது கத்தி படும் நேரத்தில் இல்லை. மயக்கம் ஏறும்போதோ தெளியும்போதோதான். பெரும்பாலும் சில நிமிடங்கள்.

உங்களிடம் மறைக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. தசை மருந்து போகாதபடி ஒரு கையை மட்டும் பட்டை கட்டி ஒதுக்கிவிட்டு, மயக்கத்தில் இருப்பவரிடம் "கேட்கிறதா? என் கையைப் பிடியுங்கள்" என்று சொல்லிப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. 2017ல் பல நாடுகளில் 260 பேரிடம் செய்தபோது 12 பேர் பிடித்தார்கள். இப்படிக் கை பிடிப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பிறகு எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. அந்தக் கணத்தில் அவர்கள் அனுபவித்தார்களா? தொட்டாற்சிணுங்கிச் செடிக்கு ஈதர் காட்டினால் தொட்டாலும் இலை மூடாது. பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார் 19ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டியது இது. செடியின் பிரக்ஞையைப் பறித்துவிட்டோம் என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா? எதிர்வினை வேறு, உள்ளே அனுபவிப்பது வேறு, ஞாபகம் வேறு. மூன்றையும் பிரித்துக் காட்டும் கருவி எங்களிடம் இன்னும் இல்லை. உங்கள் தத்துவக் கேள்வி தியேட்டருக்குள் நிஜமாகவே நுழையும் இடம் இதுதான்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. நீங்கள் மூச்சில் வெளிவிடும் மயக்க வாயுவின் அளவைக் கருவி ஒவ்வொரு மூச்சுக்கும் காட்டும், குறைந்தால் அலாரம் அடிக்கும். நெற்றியில் ஒட்டும் பிஸ் மானிட்டர் மூளை அலையை எண்ணாக மாற்றிக் காட்டும். 40லிருந்து 60க்குள் வைத்திருப்பது வழக்கம். பிஸ் இல்லாவிட்டால் ஆபத்து என்று நினைக்காதீர்கள். 2011ல் வந்த பெரிய ஒப்பீட்டில், வாயு அலாரத்தைவிட அது மேல் என்று நிரூபணமாகவில்லை. வாயுவே இல்லாமல் ஊசி மருந்தால் மட்டும் மயக்கம் கொடுத்தால் பிஸ் அவசியம் என்பேன்.

எழுந்து வருவது யார்?

2021ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான 30 தன்னார்வலர்களை, ஆபரேஷன் எதுவும் இல்லாமல், மூன்று மணி நேரம் ஆழ்ந்த மயக்கத்தில் வைத்தார்கள். எழுந்தபின் மூன்று மணி நேரத்துக்குள், மயக்கமே வாங்காதவர்களோடு ஒப்பிடும் அளவுக்கு எல்லாத் திறன்களும் திரும்பின. அதிலும் யோசித்துத் தீர்மானிக்கும் திறன் முந்திக்கொண்டு திரும்பியது. பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியும், மனைவியிடம் போட்ட சண்டையும் நரம்புகளின் இணைப்பில் இருக்கின்றன. மருந்து அந்த இணைப்பை அழிப்பதில்லை.

அந்தத் தன்னார்வலர்கள் இளையவர்கள். உங்கள் வயதில் சிலருக்கு ஓரிரு நாள் குழப்பம் வரலாம், சில வாரம் ஞாபகம் மந்தமாகலாம். 60 வயதுக்கு மேற்பட்ட 1,200 பேரை வைத்து 1998ல் வந்த ஆய்வில், பெரிய ஆபரேஷனுக்குப் பின் ஒரு வாரத்தில் நாலில் ஒருவருக்கும், மூன்று மாதம் கழித்துப் பத்தில் ஒருவருக்கும் அப்படி இருந்தது. உங்களுடையது அவ்வளவு பெரிய ஆபரேஷன் இல்லை. கண்ணாடி, காது மெஷின் இருந்தால் எழுந்ததும் கொடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் வீட்டு ஆள் இருக்கட்டும். இந்தச் சின்ன விஷயங்கள் குழப்பத்தை நன்றாகவே குறைக்கும்.

முதுகு ஊசி மூளைக்குப் பாதுகாப்பு என்பது பரவலான நம்பிக்கை. இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2021ல் வந்த ஆய்வில், குழப்பம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பித்தப்பை லேப்ராஸ்கோப்பியை முதுகு ஊசியிலும் சில இடங்களில் செய்கிறார்கள். வயிற்றில் கார்பன் டை ஆக்ஸைடு ஏற்றி உப்ப வைக்கும்போது தோள்பட்டை வலிக்கும், மூச்சு இறுகும், பாதியில் முழு மயக்கத்துக்கு மாற நேரலாம். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. என்னைக் கேட்டால் முழு மயக்கம் என்பேன்.

சரி, விளக்கவே முடியாதா?

சிவப்பைப் பார்க்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று முழுதாகச் சொல்லிவிட்டாலும், ஏன் 'சிவப்பாகத் தெரிகிறது' என்ற கேள்வி மிச்சம் நிற்கும் என்பதுதான் சால்மர்ஸ் 1990களில் வைத்த வாதம். உங்கள் வீடியோக்கள் இதை 'முடியவே முடியாது' என்று ஊதிவிட்டிருக்கின்றன. ஒருநாள் முடியலாம் என்றே சால்மர்ஸ் எழுதியிருக்கிறார், வேறு மாதிரியான விதிகள் தேவைப்படும் என்று மட்டும்தான் சொல்கிறார். களத்தில் இரண்டு பெரிய கோட்பாடுகள் மோதுகின்றன. செய்தி மூளை முழுக்க ஒலிபரப்பாவதே பிரக்ஞை என்கிறது ஒன்று. பகுதிகள் பின்னிப் பிணைந்திருக்கும் அளவே பிரக்ஞை என்கிறது இன்னொன்று. இரு தரப்பும் முன்கூட்டியே கணிப்புகளை எழுதிக் கொடுத்து, 256 பேரிடம் சோதித்து, 2025ல் முடிவு வெளியானது. இரண்டுக்கும் முழு மதிப்பெண் இல்லை. அதற்கு முன்னாலேயே, 2023ல், நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் இரண்டாவது கோட்பாட்டைப் போலி அறிவியல் என்று கையெழுத்திட்டுத் திட்டினார்கள். அறிஞர்களும் தெருச்சண்டை போடுவார்கள்.

இயற்பியல் ஆசிரியர் ஆயிற்றே, குவாண்டம் பக்கம் ஒரு கண் இருக்கும். இயற்பியலாளர் பென்ரோஸும் ஹாமெராஃபும் நரம்பணுவுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் நடக்கும் குவாண்டம் நிகழ்விலிருந்துதான் பிரக்ஞை வருகிறது என்கிறார்கள். ஹாமெராஃப் எங்கள் தொழில்காரர், மயக்க மருத்துவர். 2024ல் வந்த ஓர் ஆய்வில், நுண்குழாயில் ஒட்டும் மருந்து கொடுத்த எலிகள் மயங்குவதற்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டன. கவனிக்க வேண்டிய தகவல்தான், ஆனால் அதிலிருந்து குவாண்டத்துக்குப் போக வெகுதூரம். சூடான, ஈரமான மூளையில் அப்படிப்பட்ட நிலை ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட நிலைக்காது என்று இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க் 2000லேயே கணக்குப் போட்டார்.

என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள். எந்த மூளை பிரக்ஞையோடு இருக்கிறது, எது இல்லை என்று பிரித்தறியும் வேலை முடிந்துவிடும் என்று நம்புகிறேன், மெதுவாக. ஏன் அனுபவம் என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு விளக்கம் வருமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் இதுவரை விளக்கவில்லை, ஆகையால் முடியாது என்பது நீங்கள் வகுப்பில் விட்டிருக்க மாட்டாத தர்க்கம். வெப்பம் ஒரு திரவம் என்று எத்தனை காலம் பாடம் எடுத்தார்கள்?

கையெழுத்து, பி.ஏ.சி.

மகனிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். தெளிவாக இருக்கும் பெரியவருக்குப் பதிலாக வேறு யாரும் சம்மதம் தர முடியாது. சோதனை லேப்ராஸ்கோப்பிக்காக மயக்கத்தில் இருந்த பெண்ணின் தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்த வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். படிவத்தில் லேப்ராஸ்கோப்பி முடியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்யவும் சம்மதம் கேட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டுப் போடுங்கள். தியேட்டர் வாசலில்கூட வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது தடவை தள்ளிப்போடாமல், பி.ஏ.சி. எனப்படும் மயக்க முன்பரிசோதனைக்குத் தேதி வாங்குங்கள். மயக்கம் கொடுக்கப்போகும் மருத்துவரையே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எனக்கு எழுதியதை அவரிடம் சொல்லுங்கள். வாயு அலாரம் இருக்கிறதா, தசை மருந்து தெளிந்ததை எப்படி அளப்பீர்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு மருத்துவரைக் கேட்கத் தயங்காதீர்கள். ஆபரேஷனுக்கு மறுநாள், தூங்குமுன் கடைசியாக ஞாபகம் இருப்பது என்ன, எழுந்ததும் முதலில் ஞாபகம் இருப்பது என்ன, நடுவில் ஏதாவது உண்டா, கனவு வந்ததா என்று உங்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். 1970லிருந்து கேட்டுவரும் கேள்விகள் இவை. நடுவில் ஏதாவது ஞாபகம் இருந்தால், பைத்தியம் என்பார்களோ என்று விழுங்கிவிடாமல் அன்றே சொல்லுங்கள்.

போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துப் போங்கள், லேகியம், சூரணம் உட்பட. ஆடும் பல் இருந்தால் முதலிலேயே காட்டிவிடுங்கள், தொண்டையில் குழாய் விடும்போது விழ வாய்ப்பு உண்டு. ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம். பால் சேர்ந்த காபி சாப்பாட்டுக் கணக்கு, ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும்.